பெயரும் பிறந்த தேதியும்

"லேட்டாயிடுச்சு மேடம், மன்னிச்சுக்குங்க! நீங்க மிஸ் கிட்ரிதானே?"

"ஆமா கண்ணு. முதல்ல மூச்சு விடு. அப்புறம் கையைக் கழுவு."

ஷொனெல் கையைக் கழுவினாள். ஓரக்கண்ணால் அந்த அம்மாளைப் பார்த்தாள். முழுக்கை வெள்ளைக் கோட்டு, மார்பில் நர்ஸ்கள் மாட்டுவதுபோல் தலைகீழாகத் தொங்கும் கடிகாரம், கையில் தாள் செருகிய அட்டை. காலில் மட்டும் பஞ்சுபோன்ற வீட்டுச் செருப்பு. நாளெல்லாம் நின்றால் நர்ஸ் கால் என்ன ஆகும் என்று ஷொனெலுக்குத் தெரியாதா?

மாத்திரை கொடுக்கும் தேர்வில் அவள் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள். இன்றும் தோற்றால் நர்ஸ் படிப்பு முடிந்தது. மறுபடி ஓட்டலில் படுக்கை விரிப்பு மாற்றப் போக வேண்டியதுதான். இந்தக் கடைசித் தேர்வுக்காகத்தான் நர்ஸ் பள்ளி இன்று மிஸ் கிட்ரி என்ற புதுத் தேர்வாளரை, அவள் பயிற்சி பெறும் இந்த முதியோர் இல்லத்துக்கு அனுப்பியிருந்தது.

தேர்வுக்கு நிஜ மாத்திரை கிடையாது, குட்டிக் கோப்பையில் புதினா மிட்டாய்தான். ஒரு காலத்தில் இறால் படகு ஓட்டிய ஆல்சிட், நோயாளியாகப் படுக்கச் சம்மதித்ததே அந்த மிட்டாய்க்காகத்தான்.

இரண்டு முறையும் ஒரே தப்பு. பழகிய முகமாயிற்றே என்று, "மிஸ்டர் ஆல்சிட்தானே?" என்று கேட்டுவிட்டாள். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர், காது மந்தமானவர், பேச்சு முடிந்தால் போதும் என்றிருப்பவர் எல்லோரும் அதற்குத் தலையாட்டிவிடுவார்கள். பிறகு இவர் மாத்திரை அடுத்த அறைக்காரர் வயிற்றுக்குப் போகும். அதனால் பெயரையும் பிறந்த தேதியையும் அவரையே சொல்லவிட்டு, மணிக்கட்டில் கட்டியிருக்கும் பெயர்ப் பட்டையோடு ஒப்பிட வேண்டும்.

"ஐயா, உங்க முழுப்பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க."

"நேத்து வரைக்கும் என்னைத் தெரிஞ்சுதே? கல்யாணப் பேச்சா?"

"சொன்னாத்தான் மிட்டாய்."

"ஆல்சிட் தெரியோ. மார்ச் ஒம்பது, நாப்பத்தொண்ணு. பிறந்தநாளுக்கு மறக்காம இறால் வறுத்து எடுத்துட்டு வா."

பட்டையில் அதே பெயர், அதே தேதி. ஷொனெல் கோப்பையை நீட்டினாள்.

"முழுங்கினாரான்னு வாய்க்குள்ளே பாத்தியா?" என்றார் வெள்ளைக் கோட்டு அம்மாள். "நாக்குக்கு அடியிலே ஒளிச்சு வைக்கிற மூஞ்சி இது."

ஆல்சிட் நாக்கை முழம் நீளத்துக்கு நீட்டிக் காட்டினார்.

"அருமை! நூத்துக்கு நூறு!" அட்டையில் பெரிதாக ஒரு கோடு விழுந்தது.

"உனக்கு வாய்ச்ச தேர்வாளர் ரொம்பக் கண்டிப்பு, பொண்ணே!" என்று ஆல்சிட் கட்டில் குலுங்கச் சிரித்தார். ஷொனெலுக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய் அந்த அம்மாளைக் கட்டிக்கொண்டாள்.

அப்போது கதவு திறந்தது. பச்சைச் சீருடையில் ஒரு பெண், நனைந்த குடையோடு நின்றிருந்தாள்.

"மன்னிக்கணும். படகு போறதுக்காகப் பாலத்தைத் தூக்கிட்டாங்க, வண்டியிலேயே மாட்டிக்கிட்டேன். தேர்வை ஆரம்பிக்கலாமா?"

ஷொனெல் அவளைப் பார்த்தாள். பிறகு அந்த வீட்டுச் செருப்பைப் பார்த்தாள். ஆல்சிட் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

ஷொனெல் தொண்டையைச் செருமிக்கொண்டு வெள்ளைக் கோட்டு அம்மாள் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, உங்க முழுப்பேரும் பிறந்த தேதியும் நீங்களே சொல்லுங்க."

"கேக்க வேண்டிய விதத்திலே கேட்டே," என்று பச்சைச் சீருடைக்காரி பேனாவைத் திறந்தாள். "இதையே தேர்வா வெச்சுக்குவோம்."

அந்த அம்மாள் சமர்த்தாகக் கோட்டுக் கையை மேலே ஏற்றி, பெயர்ப் பட்டை கட்டிய மணிக்கட்டை நீட்டினார்.

"ஓடெல் ப்ரூசார்ட், ஜூலை நாலு, முப்பத்தெட்டு. அந்தக் காலத்து நர்ஸ். பதினாலாம் அறைக்கு நேத்துத்தான் வந்தேன். என் மிட்டாய் எங்கே கண்ணு?"