கண்மூடிக் கேட்பவர்

"ஏசியை அணைச்சுட்டுப் பேசலாம்னு நீதானே சொன்ன? பாரு, எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க."

செல்வப்பிரியா காலி நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியதும் கோபிநாத்துக்கு எரிச்சல் பொங்கியது. தொழிற்சாலைகள் நிறைந்த கஞ்சிக்கோட்டில் இருவரும் வாரந்தோறும் நடத்தும் ‘தத்துவ மாலை’க் கூட்டத்தில் இன்றைய தலைப்பு பருவநிலை மாற்றம். பூமி சூடாவதைப் பற்றிக் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து பேசுவதா என்று அவன்தான் சுவிட்சை அணைத்தான்.

"போகட்டும். நம்ம பேச்சை உண்மையாக் கேக்கறவர் அவர் ஒருத்தர்தான்." கடைசி வரிசையைக் காட்டினான்.

அங்கே ஆறுச்சாமி, எல்லா வாரமும்போல, கண்களை மூடி அசையாமல் அமர்ந்திருந்தார்.

"உடம்பையே கடந்துட்டார், பாரு. அவருக்கு ஏசி எதுக்கு?"

"வேர்த்துக் கொட்டுதே அவருக்கு."

ஆறுச்சாமி கண்களைத் திறந்தார். இரண்டும் சிவந்திருந்தன.

"ஏனுங்க தம்பி, பத்து மணிக்கு எனக்கு இரும்பு உலையில ஷிப்டுங்க. ஊடு தகரக் கூரை, பகல்ல கண்ணை மூட முடியறதில்லைங்க. வாரத்துல இந்த ரெண்டு மணி நேரந்தான் நல்லாத் தூங்கறேன். நேத்து அசந்துபோயி உலைப் பக்கமா உளுகப் பார்த்தனுங்க. நீங்க எத்தனை சத்தமாப் பேசினாலும் எனக்கு ஒண்ணும் தொந்தரவில்லைங்க. அந்த ஏசியை மட்டும் கொஞ்சம் போட்டு உடறீங்களா?"