பன்னிரண்டாவது ஊசி

“பத்து” என்றாள் அவள். குத்தி வைத்திருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு மறுபடி எண்ணினாள். “பத்துதான் இருக்கு. ரெண்டைக் காணோம்.”

“ரெண்டா?” என்று பதறியது அவள் புருஷன். போர்வையை மடித்துத் தன் பெரிய பையில் திணிக்கப் போன நாத்தனாரின் கையும் அப்படியே நின்றுவிட்டது.

அந்த வீட்டில் ஊசி எண்ணுவது என்றால் சும்மா இல்லை. அவள் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவள். பழைய துணிகளைத் துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்து, நடுவில் பஞ்சும் அடியில் வேறொரு துணியும் வைத்துத் தைப்பாள். பன்னிரண்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டு உட்கார்ந்தால், பன்னிரண்டும் திரும்பி வந்த பிறகுதான் போர்வை அவள் கையை விட்டுப் போகும். பஞ்சுக்குள் போன ஊசி, போர்த்திப் படுத்தவர் விலாவில்தான் அகப்படும் என்பாள்.

இதுவரை ஏழு போர்வை போய்விட்டது. நாத்தனார் வருவார், பிரித்துப் பார்ப்பார், “நல்லாருக்கே” என்பார், பை வாயைத் திறக்கும். ஒன்று மருமகளுக்கு, ஒன்று மேலதிகாரிக்கு, ஒன்று யாரோ பல் டாக்டருக்கு. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். போன மாதம் நாத்தனாரின் காருக்குள் எட்டிப் பார்த்தபோது ஏழாவது போர்வை பின் சீட்டில் கிடந்தது. அதன்மேல் நாய் சுகமாகப் படுத்திருந்தது.

அன்றைக்கே அவள் முடிவு கட்டிவிட்டாள், எட்டாவது எனக்கு என்று. மகளின் பள்ளிச் சீருடை, தான் முதல் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன நீலச் சட்டை, அம்மா கடைசியாக வாங்கிக் கொடுத்த பூப்போட்ட துணி எல்லாம் அதில்தான் இருந்தன. மூன்று மாத வேலை. இத்தனை வருஷம் தைத்தும் அவள் போர்த்திக்கொள்வது கடையில் வாங்கிய கம்பளியைத்தான்.

இன்று நாத்தனார் வந்ததும் முகத்துக்கு நேராகவே சொன்னாள். “அக்கா, இதைக் கொடுக்கிறதா இல்ல. இது என்னோடது.”

நாத்தனார் சிரித்தார். நேற்றே தம்பியிடம் போனில் கேட்டாகிவிட்டதாம், அவனும் சரியென்று சொல்லிவிட்டானாம். அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டான். சரியான தலையாட்டிப் பொம்மை. வந்த ஆத்திரத்துக்கு அந்த உருளைக்கிழங்கோடு சேர்த்து அவனையும் மசித்திருப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு, எண்ணிவிட்டாவது தருகிறேன் என்று ஊசிகளை எடுத்தாள். எண்ணினால் பத்து.

தேடல் ஆரம்பமானது. புருஷன் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு மேஜைக்கு அடியில் தவழ்ந்தான், சோபாவை நகர்த்தினான், மிதியடியை உதறினான். கழுத்தைத் திருப்பாமல் உடம்பையே மொத்தமாகத் திருப்பித் திருப்பித் தேடினான்.

“கழுத்துக்கு என்னடா?” என்றார் நாத்தனார்.

“சுளுக்குக்கா.”

அக்காவுக்காகச் சுளுக்கோடு தரையில் தவழ்கிறாரே மனுஷன் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் போர்வைமேலும் காந்தத்தை ஓட்டிப் பார்த்தான். ஒன்றும் ஒட்டவில்லை. இந்தக் குட்டிக் காந்தம் பஞ்சைத் தாண்டி இழுக்காது என்று அவளே சொல்லிவிட்டாள்.

சம்பந்தி வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்றிருந்த நாத்தனார், போர்வையிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். ஊசியை உள்ளே வைத்துக் கொடுத்து யாரிடம் பேச்சு வாங்குவது, நீயே வைத்துக்கொள் என்றார். ஆனாலும் பை காலியாகப் போகவில்லை. உருளைக்கிழங்கு ஒரு டப்பா போனது.

கதவு சாத்தியதும் அவள் அலமாரிக்குப் போய், பாதி படித்திருந்த நாவலை எடுத்து விரித்தாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், அடையாளத்துக்கு வைத்ததுபோல, சிவப்பு நூலோடு ஓர் ஊசி இருந்தது.

“ஒண்ணை நான்தான் காலையில ஒளிச்சு வச்சேன்” என்றாள் புருஷனிடம். “வாயால சொன்னா இந்த வீட்ல யார் கேக்குறீங்க? எண்ணினா பதினொண்ணு வரும், அதைக் காட்டி அனுப்பிடலாம்னு இருந்தேன். வேணும்னா உங்கக்காகிட்ட சொல்லிக்கோங்க, எனக்கொண்ணும் பயமில்ல.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்க்கு ஒன்றை ஒளிக்கப் போய், நிஜமாகவே ஒன்று பஞ்சுக்குள் போய்விட்டதே. இனி இதை யாரும் போர்த்த முடியாது, அவளாலும் முடியாது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு சின்னக் கத்தரியை எடுத்தாள். போர்வையை மடியில் இழுத்துப் போட்டு, மூலையில் முதல் தையலுக்கு அடியில் கத்தரி முனையை நுழைத்தாள்.

“மூணு மாசத் தையலையும் பிரிச்சு எடுப்பேன். இன்னும் மூணு மாசம் தைப்பேன். ஆனா இதை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.”

அவன் அவசரமாக வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தான், கழுத்தைத் திருப்பாமல்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“பிரிக்காத. இன்னொண்ணு என் காலர்ல இருக்கு.”