தாய்மொழியில் ஃபெயில்

"மூணு வருஷப் படிப்பு. பதினோரு வருஷமா இந்த ஆள் இங்கே என்ன பண்றான்? அடைகாக்கிறானா?"

டீன் சத்யேந்திர மகராஜ் போட்ட சத்தம் சுவா துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்.

லோசலினி தன் வரைபடத்தைப் பார்த்து நெளிந்தாள். மாணவர்கள் பட்டம் வாங்க எத்தனை வருஷம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று அளப்பதுதான் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வேலை. மொழித்துறையில் எல்லாரும் மூன்று, நான்கு வருஷத்தில் கும்பலாக நின்றார்கள். அப்புறம் வெட்டவெளி. அதற்கும் அப்பால், வாலில் கட்டிவிட்ட தகர டப்பா மாதிரி ஒரே ஒரு புள்ளி.

டாவோ.

"கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ள வேண்டியதுதானே?"

"முடியாது சார். ஃபீஸை டாண்ணு கட்டிடறார். மத்த பாடமெல்லாம் எப்பவோ பாஸ். ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. ரொட்டுமா மொழி."

"அடப்பாவமே. புது மொழின்னா கஷ்டமாத்தான் இருக்கும். ஆளுக்கு எந்த ஊரு?"

லோசலினி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "ரொட்டுமாத் தீவு சார்."

டீன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"தாய்மொழியிலயா ஃபெயில்? அதுவும் வருஷா வருஷமா? அடுத்த வாரம் ஆட்சிக்குழு கூடுதும்மா. அதுக்குள்ள இந்த வாலை நறுக்கியாகணும். கூப்பிடு அவனை!"

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டாவோ வந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தான். வாசலை அடைக்கிற உடம்பு, பச்சைக் குழந்தைச் சிரிப்பு. கூடவே ரொட்டுமா வகுப்பு எடுக்கும் ஃபட்டியாகி டீச்சரும் வந்தார்.

"ஏம்ப்பா, உன் மொழி உனக்கே தெரியாதா?"

"சுமாராத் தெரியும் சார். பரீட்சைன்னு உக்காந்தா ஆவியாப் போயிடுது."

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. அம்மா. டாவோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூச்சு விடாமல் பேசினான். நடுவில் கெஞ்சினான், கொஞ்சினான், விழுந்து விழுந்து சிரித்தான்.

"இப்போ எந்த மொழியில பேசினே?" டீன் பிடித்துக்கொண்டார்.

"அம்மாதான் சார் பேசினாங்க. நான் சும்மா 'உம்' கொட்டினேன்."

"அப்படியா? இங்கேயே வாய்மொழித் தேர்வு வெச்சிடலாம். டீச்சர், கேளுங்க!"

டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தேங்காய்க்கு நம்ம மொழியில என்ன?"

டாவோ கூரையைப் பார்த்தான். "தொண்டை வரைக்கும் வந்துடுச்சு டீச்சர்."

"மீனுக்கு?"

"அதுவும் அங்கேதான் நிக்குது."

லோசலினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரிந்துகொண்டே நடிக்கிறான்! மேஜையில் ஐஸ் தண்ணீர் ஜக் இருந்தது. டீனுக்கு ஊற்றப் போகிற மாதிரி எடுத்தாள். கை தவறுகிற மாதிரி, அப்படியே அவன் மடியில் கவிழ்த்தாள்.

டாவோ துள்ளி எழுந்தான். தொண்டையில் நின்றதெல்லாம் மடை திறந்தது. முழங்கை, தோள், புருவம் எல்லாம் சேர்ந்து பேசின. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன சொல்றான்?"

"வேணாம் சார். முதல்ல ஜக்கோட பரம்பரையைச் சொன்னான். இப்போ உங்க பரம்பரைக்கு வந்திருக்கான்."

"இலக்கணம் எப்படி?"

"ஒரு பிழை இல்லை சார்!" டீச்சர் தன்னை மறந்து சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

டீன் மேஜையில் ஓங்கித் தட்டினார். "பாஸ்! போடுங்க கையெழுத்தை!"

லோசலினி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்தபோதுதான், டாவோவும் டீச்சரும் சிரிக்கவில்லை என்பது தெரிந்தது.

துண்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். டாவோ கால்சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான். பக்கத்தில் டீச்சர் நின்றார்.

"கோவமா அண்ணே? பட்டம் வந்துடுச்சு, சந்தோஷமா அம்மாகிட்டச் சொல்லுங்க."

அவன் அவளைப் பார்க்கவில்லை. டீச்சரிடம் சொன்னான்: "மன்னிச்சுக்கங்க டீச்சர். எல்லாத்துக்கும் தயாராத்தான் வந்தேன். ஐஸ் தண்ணியை எதிர்பார்க்கல."

ஈர பூட்ஸ் சளக் சளக்கென்று சத்தம் போட, படியிறங்கிப் போய்விட்டான்.

"இதுக்குப் போய் ஏன் டீச்சர் இவ்வளவு சோகம்?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அஞ்சு பேர் சேராத வகுப்பை மூடிடணும்னு இங்கே ஒரு விதி இருக்கு, தெரியுமில்ல? எங்க மொழியைப் படிக்க வருஷத்துக்கு நாலு பிள்ளைங்கதான் வர்றாங்க."

"அப்போ அஞ்சாவது ஆள்..."

"அவன்தான். இந்த ஒரு பாடத்தை மட்டும் பாஸ் பண்ணியிருந்தா, அதே துறைமுகத்துல இந்நேரம் ஆபீஸ் நாற்காலியில உக்காந்திருப்பான்."

லோசலினி கையிலிருந்த துண்டை நான்காக மடித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"இங்கே வேலை பார்க்கறவங்களும் வகுப்புல சேரலாம் இல்லையா டீச்சர்?"

"சேரலாமே. ஏன்?"

"என்னைச் சேர்த்துக்கங்க. ஆனா ஒண்ணு, முன்கூட்டியே சொல்லிடறேன். நான் படிப்புல படு மக்கு. லேசுல பாஸாக மாட்டேன்!"