ராஜபாளையம் சாவடியில் ஒரு ஓட்டு

ஊர்க் காங்கிரஸ் தலைவர் எலியேசர், அவர் தம்பி வேதசிரோமணி, தம்பி மனைவி அன்னத்தாய் ஆகிய மூவர் மட்டுமே ஓட்டு எண்ணி முடிந்த அன்று வீட்டில் இருந்தனர்.

1937 சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸையும் ஜஸ்டிஸ் கட்சியையும் எதிர்த்துத் தனியாக நின்ற வேதசிரோமணிக்கு ராஜபாளையம் சாவடியில் ஒரே ஓட்டுதான் விழுந்திருந்தது.

“ஏலே, ஒனக்கு நீயே போட்டுக்கிட்டேன்னு ஊரே சிரிக்குது,” என்றார் எலியேசர்.

“நம்ம கோயில் சபைத் தேர்தல்ல தனக்குத்தானே போடுற வழக்கம் நமக்கு உண்டாண்ணே? அதே மாதிரி இங்கயும் எதிராளிக்குத்தான் போட்டேன்.”

“ஒங்க தம்பி என்னையும் தனக்குப் போடக் கூடாதுன்னுட்டாவ அத்தான். பொறவு யார் போட்டிருப்பா?” என்றாள் அன்னத்தாய்.

“ஓட்டுக் கணக்குல ஒன் பேரோட நிக்கிற நம்ம அப்பா பேருக்கு நேரா சைபர் நிக்கக் கூடாது,” என்று சொல்லி எலியேசர் எழுந்து போனார்.

வேதசிரோமணி தனக்கே ஓட்டுப் போட்டுக்கொண்டதாகச் செட்டியார்பட்டி வரை இன்றும் பேசுகிறார்கள். அது உண்மையல்ல. போட்டவர் அண்ணன்.