எதிர்க்கடை

"அடுத்த வாரத்திலேர்ந்து நீ கடைக்கு வர வேண்டாம்" என்றாள் லொரெய்ன், மீனை மாவில் புரட்டியபடியே.

டாம்சினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்ற அம்மாவே மகளை வேலையை விட்டு நிறுத்துவாளா?

அதுவும் இந்த நேரத்தில். கிரிம்ஸ்பி துறைமுகத்துக் காற்றாலை கம்பெனி ஒன்று, சம்பளமும் கொடுத்து இன்ஜினியரிங் பட்டமும் படிக்கவைக்க ஆள் எடுக்கிறது. டாம்சினின் உயிரே அதில்தான் இருந்தது. வேலை அனுபவம் என்று விண்ணப்பத்தில் காட்ட இந்த மீன் வறுவல் கடையை விட்டால் வேறு இல்லை. முதலாளியின் நற்சான்றா, அம்மா நாலு வரி எழுதிவிடுவாள் என்று நிம்மதியாக இருந்தாள்.

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

"கரண்ட் எண்ணெய்ச் சட்டியை யாரு கழட்டிப் போட்டது?"

"ரிப்பேர் பண்ணத்தானே? இப்ப நல்லா சூடாகுதில்ல?"

"வேண்டாம்னா வேண்டாம்."

வாடிக்கையாளர்களே லொரெய்னைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

டாம்சினுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே எதிர்ச்சாரியிலிருந்த கிளெட்ஹில்லின் மீன் கடைக்குப் போய் வேலை கேட்டாள். அவருக்கும் லொரெய்னுக்கும் ஏழாம் பொருத்தம். மாவுப் பக்குவத்தை யாரிடமிருந்து யார் திருடியது என்று ஆரம்பித்த சண்டை. வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் மனிதர் மறுபேச்சில்லாமல் ஏப்ரனை நீட்டினார்.

வேலையில் மட்டும் பிழிந்தெடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை டாம்சின் தனியாளாகச் சமாளித்தாள். நின்றுபோன உருளைக்கிழங்கு சீவும் மெஷினை ஓடவைத்தாள். அத்தனையையும் விண்ணப்பத்தில் எழுதினாள். கிளெட்ஹில் நற்சான்று அனுப்பினார்.

இடம் கிடைத்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல் அவர் கடைக்குத்தான் முதலில் ஓடினாள்.

"எல்லாம் உங்களாலதான் மிஸ்டர் கிளெட்ஹில். வேலைக்கு வர்றவங்களை எப்படி நடத்தணும்னு எங்கம்மாவுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுங்க."

அவர் சிரித்துவிட்டார்.

"உங்கம்மாவுக்கா? சொந்த அம்மா எழுதற நற்சான்று அங்கே செல்லாதாம் கண்ணு. 'உங்க கடைக்குப் போன்னு சொன்னா போக மாட்டா, துரத்தினா நேரா உங்ககிட்டதான் வருவா, சலுகை காட்டாம வேலை வாங்குங்க'ன்னு இந்த வாசலேறி வந்து கேட்டதே அவங்கதான். நான் முறுக்கிக்கிட்டேன். அதுக்காக, அந்த மாவுப் பக்குவத்தை என்கிட்டேர்ந்து அவங்கதான் திருடினாங்கன்னு ஒத்துக்கிட்டுப் போனாங்க."

சட்டியைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"திருடினது நான்தான்."