பன்னிரண்டே முக்காலுக்கு அணையும் டப்பா

"இன்னிக்கும் எண்பது டிகிரிப்பா! தொட்டுப் பாருங்க, கையையே வைக்க முடியல" என்றாள் மகள், அலமாரி முன் மூச்சு வாங்க நின்றபடி.

அப்பா தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஆமாம்மா, கொதிக்குது. நான் அந்தப் பக்கமே போகல."

"உங்கள யாரு இப்ப கேட்டா?"

அலமாரியில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. அதற்குள் சீட்டுக்கட்டு அளவில் ஒரே பலகையில் அடங்கிய கம்ப்யூட்டர். முன்பக்கம் ஒரு கேமரா. ஆறு மாதம் முன்பு அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து, யாரும் பார்க்காமல் மூன்று மணி நேரம் கிடந்தார். இரண்டு தெரு தள்ளி செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்யும் மகள், அதன்பிறகு தன் கையாலேயே செய்து வைத்த காவல்காரன் இது. கடையில் இருந்தபடியே போனில் வீட்டுக் கூடத்தைப் பார்த்துக்கொள்வாள். சூடு எண்பதைத் தொட்டால், பலகை பாழாகாமல் தானாக அணைந்துகொள்ளவும் வழி செய்திருந்தாள்.

கொஞ்ச நாளாக அது தினமும் பன்னிரண்டே முக்காலுக்கு அணைந்துகொண்டிருந்தது. உடனே போன் வரும். "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், உன் டப்பாதான் படுத்துடுச்சு" என்பார் அப்பா. அவளும் முதலாளியிடம் சொல்லிவிட்டு ஓடி வருவாள். டப்பா ஆற இருபது நிமிடமாகும். அந்த இருபது நிமிடத்தில் இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். அதற்கு முன்பெல்லாம் அவளுக்கு மதியச் சாப்பாடு கடையில் நின்றபடி ஒரு பன். அவருக்குச் சுவரைப் பார்த்தபடி அரைத் தட்டு. இப்போது அந்த இருபது நிமிடத்துக்காகவே அவர் காலையில் எழுந்தார்.

"இன்னிக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டியாகணும்பா" என்று சாப்பாட்டுக்கு நடுவே பையிலிருந்து ஒரு குட்டி விசிறியை எடுத்தாள் மகள். "முதலாளி குடுத்தார். 'தினம் உன் டப்பா சுடுது, நீ காணாமப் போயிடற. இத மாட்டிட்டு ஒழுங்கா கடையில உக்காரு'ன்னுட்டார்."

அப்பா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"விசிறி எல்லாம் எதுக்கும்மா? தொணதொணன்னு சத்தம் போடும்."

"உங்க தையல் மிஷின் சத்தத்தையா மிஞ்சிடப் போகுது?"

பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய, சீப்புப் பல் போன்ற அலுமினியத் துண்டைப் பலகையின் சிப் மேல் ஒட்டினாள். டப்பாவின் மூடியில் வட்டமாக ஓட்டை போட்டு, மேலே விசிறியைத் திருகினாள். ஒயர், திருகு என்றால் அவள் விரல் மயிரிழை பிசகாது. ஊசி நூலைக் கொடுத்தால் மட்டும் கோழி கிளறின மாதிரி ஆகிவிடும். தையல்காரர் மகளுக்கு இப்படி ஒரு கை. வேலை முடிந்தபோது விசிறி மூடிக்கு மேல் அரை அங்குலம் துருத்திக்கொண்டு நின்றது.

"ஒயரை வெட்டணும், கத்தரி எடுத்துக்கறேன்" என்று அவள் தையல் மிஷின் இழுப்பறைக்குக் கை நீட்ட, அப்பா முழங்கால் வலியை மறந்து பாய்ந்தார்.

"இரு இரு, நான் தரேன்! உள்ள எல்லாம் கலைஞ்சு கிடக்கு."

தன் கத்தரியால் ஒரு காகிதத்தைக்கூட வெட்ட விடாத மனிதர், அன்று ஒயரை வெட்ட மறுபேச்சில்லாமல் கொடுத்தார். மகள் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

விசிறி சுற்றியது. எழுபது, அறுபது என்று சூடு மளமளவென்று இறங்கியது.

"பாத்தீங்களா, நாப்பத்தேழு! இனிமே மத்தியானம் வந்து உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

"நல்லதும்மா" என்றார் அப்பா.

மறுநாள் காலை அவள் கடைக்குக் கிளம்பும்போது ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"விரல்ல என்னம்மா?"

"சூடு பட்டுடுச்சுப்பா. ஒண்ணுமில்ல" என்று வேகமாகப் போய்விட்டாள்.

மதியம் பன்னிரண்டு. பழக்க தோஷத்தில் இரண்டு தட்டு எடுத்து வைத்த அப்பா, ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தார். பிறகு கேமராவின் கண்ணில் படாமல் சுவரோரமாக நகர்ந்து, இழுப்பறையில் நூல்கண்டுகளுக்கு அடியில் கையை விட்டார்.

அவருடைய திருட்டுத்தனம் அங்கேதான் இருந்தது. கோட்டு தைத்த மிச்சக் கம்பளியில், அந்தச் சோப்பு டப்பாவுக்கென்றே அளவெடுத்து, இரட்டை மடிப்பாகத் தைத்த உறை. கேமராவுக்கு மட்டும் பொத்தான் துளை மாதிரி ஓர் ஓட்டை. தினமும் பன்னிரண்டுக்கு மாட்டுவார். வாசலில் அவள் காலடி கேட்கும் முன் கழற்றி ஒளித்துவிடுவார். நாற்பது வருடத் தொழிலில் எந்த மனிதனுக்கும் அவர் இவ்வளவு கச்சிதமாகக் கோட்டு தைத்ததில்லை.

இனி அதை வைத்து என்ன செய்ய? துருத்தி நிற்கும் விசிறி மேல் அது ஏறாது. பிரித்துத் தைக்க நேரமும் இல்லை. இருந்தாலும் மனசு கேட்காமல் டப்பாவின் மேல் மாட்டிப் பார்த்தார்.

பிடிக்காமல், இழுக்காமல், அளவாக ஏறியது.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். உறையின் தலைப்பக்கம் பிரிக்கப்பட்டு, விசிறிக்குச் சரியாக, அரை அங்குல உயரத்தில் வட்டமாக ஒரு புதுத் துண்டு வைத்துத் தைத்திருந்தது. தையல் மட்டும் கோழி கிளறின மாதிரி இருந்தது.