காற்றின் பக்கம்

நிலச்சரிவில் துண்டிக்கப்பட்ட பள்ளத்தாக்குக்கு மருந்து ஏற்றிக்கொண்டு அந்த ராணுவ விமானம் மலைகளுக்கு நடுவே, மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. வழி சொல்லும் நேவிகேட்டர் மங்களேஸ்வரிக்கு இதுதான் தனியாக முதல் பயணம். பாதைக் கணக்கை மறுபடி பார்த்தபோது தன் தவறு தெரிந்தது. மேற்கிலிருந்து அடிக்கும் காற்றைக் கிழக்கிலிருந்து என்று போட்டிருந்தாள். பத்து நிமிடமாக விமானம் பாதையை விட்டு விலகிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் திசையை மாற்றச் சொன்னால் அவள் தவறு யாருக்கும் தெரியாது. ஆனால் இருக்கும் இடம் சந்தேகமானால் முதலில் உயரே போக வேண்டும் என்பது விதி.

"சார், உடனே மேலே ஏத்துங்க. காத்தைத் தப்பாப் போட்டுட்டேன். எங்க இருக்கோம்னு உறுதியாத் தெரியல."

விமானி தேவசகாயம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விமானம் மூக்கைத் தூக்கியது. இரண்டு நிமிடத்தில் மேகத்துக்கு மேலே வெயில். வலது இறக்கைக்குக் கீழே, மேகத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு பனிச்சிகரம் கடந்து போனது. இனி அவர் தன்னிடம் வழி கேட்க மாட்டார் என்று மங்களேஸ்வரி நினைத்தாள்.

காதில் அவர் குரல் வந்தது.

"சிகரம் தெரியுது பாரு. இதை வெச்சு எடத்தைப் பிடிச்சிடலாம்ல? எந்தப் பக்கம் திரும்பணும், சொல்லும்மா."

அவள் வரைபடத்தில் அந்தச் சிகரத்தைத் தேட ஆரம்பித்தாள்.